கடலூர்ப் படமும் நம் மாணவர் கைப்பேசியும்

படிவம் 4, 5 மாணவர்கள் ஒரு படத்தைப் பார்த்துக் கருத்துரைக்க வேண்டுமென்றால் நான் பரிந்துரைப்பது இந்தப் படத்தைத்தான். ராய்ட்டர்ஸ் படக்கலைஞர் ஆர்க்கோ தத்தா, ஆழிப்பேரலை தாக்கிய இரண்டாம் நாள், 28.12.2004 அன்று கடலூரில் எடுத்தது. அவ்வாண்டின் சிறந்த படமாக உலகப் பத்திரிகைப் பட விருது பெற்றது.

ஒரு பெண் மணலில் குப்புறக் கிடந்து அழுகிறார். கைகள் இரண்டும் விரிந்து, உள்ளங்கைகள் மேலே பார்த்தபடி இருக்கின்றன. இறந்த உறவினரின் உடலை முழுதாகக் காட்டவில்லை. ஓரத்தில் கை மட்டும் தெரிகிறது. படத்தின் பலமே அதுதான். பிணத்தைக் காட்டாமலே சாவைச் சொல்லிவிடுகிறது.

குறையும் உண்டு. கேமரா மேலே நிற்கிறது, அவர் கீழே கிடக்கிறார். அந்த நிலையில் யார் போய் அனுமதி கேட்பது? தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 8,000 பேர் மாண்டார்கள்; உலகத்துக்குத் தெரிந்தால்தானே உதவி வரும் என்று கேட்கலாம். நியாயமான பதில்தான். ஆனாலும் விருது மேடை வரைக்கும் போனது அவருடைய சொந்தத் துயரம். அதை மறந்துவிட்டுப் படத்தைப் பாராட்ட முடியாது.

இனி நம்ம பக்கம் வருவோம். விபத்து நடந்த சில நிமிடங்களிலேயே முகமும் வண்டி எண்ணும் தெரிகிற படங்கள் புலனத்தில் வந்துவிடுகின்றன. போலீஸ் சொல்வதற்கு முன்பே வீட்டாருக்குக் கைப்பேசி சொல்லிவிடுது. கேட்டால், "எச்சரிக்கைக்குத்தான் அனுப்பினேன் டீச்சர்" என்பார்கள். சாலை அடைபட்டிருக்கிறது என்று சொல்ல ஒரு வரி போதாதா? முகம் எதற்கு?

16.12.2022 அன்று பத்தாங் காலி நிலச்சரிவில் 31 பேர் இறந்தார்கள். சரிந்து கிடந்த மலைச்சரிவின் படமே அதன் கொடுமையைச் சொல்லியது. யார் முகமும் தேவைப்படவில்லை. அம்பாங் பெச்சா என்றால் 'உடைந்த அணை'. 1883இல் அணை உடைந்து கோலகுபுவை வெள்ளம் அழித்ததை அந்த ஊர்ப்பெயரே இன்றும் சொல்கிறது.

வகுப்பில் மூன்று கேள்விகளைப் பலகையில் எழுதுங்கள்: முதலில் 999க்கு அழைத்தாயா? படத்தில் இருப்பவரை அடையாளம் தெரியுமா? இந்தப் படத்தால் யாருக்கு உதவி? கடலூர்ப் படத்தையும் இதே கேள்விகளால் எடைபோடச் சொல்லுங்கள். எல்லாரும் ஒரே விடை சொல்லமாட்டார்கள். நல்ல விவாதக் கட்டுரைக்கு அது போதும்.