பாட்டிலை நோக்கி நீளும் கை

மான்செஸ்டர் வெல் ஸ்ட்ரீட் படம் என்று வாயெடுத்தாலே போதும், ஓவிய அழகுக்கு இலக்கணம் என்று சொல்லப்படும் பொன்விகிதச் சுருளைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்துவிடுகிறார்கள். 2016 புத்தாண்டு இரவில் ஜோயல் குட்மேன் எடுத்த அந்தப் படத்தின்மேல் சுருளைப் போட்டு, மறுமலர்ச்சிக் கால ஓவியமேதான் என்று சிலிர்த்தவர்கள் எத்தனையோ பேர். சுருளை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தால் கல்யாண குரூப் போட்டோவில்கூட எங்காவது பொருந்திவிடும். அதை வைத்தா ஒரு படத்தை ரசிப்பது?

எனக்கு அந்தப் படம் என்றால் அந்தக் கைதான். ஒரு பக்கம் போலீஸார் ஒருவரைத் தரையோடு அமுக்கிக்கொண்டிருக்கிறார்கள். சுற்றிலும் கூட்டம். அந்தக் கைக்குச் சொந்தக்கார ஆசாமியோ நடுரோட்டில் ஒருக்களித்துக் கிடந்தபடி பியர் பாட்டிலுக்குக் கை நீட்டுகிறார். அத்தனை ரணகளத்திலும் அவருக்கு வேறு கவலை கிடையாது. கை நீள்வதற்கு முன்னால் எடுத்திருந்தால் அது குடிகாரர் படம். பாட்டிலைப் பிடித்த பிறகு எடுத்திருந்தாலும் அதேதான். நீண்டுகொண்டிருக்கும்போது எடுத்ததால்தான் இன்றும் பார்க்கிறோம். மைக்கலாஞ்சலோவின் ஆதாமோடு ஒப்பிட்டார்கள். ஆதாமின் கை துவண்டு தொங்குகிற கை, கடவுள் வந்து தொடட்டும் என்று இருக்கிற கை. இவர் கைக்கு அவசர வேலை இருக்கிறது!

வைரல் படம் என்றால் 2024 ஒலிம்பிக்ஸில் டாஹிட்டியில் ஜெரோம் புரூயே எடுத்த அலைச்சறுக்கு வீரர் மெதினாவின் படத்தைச் சொல்பவர்கள் உண்டு. அலைக்கு மேலே அந்தரத்தில் மனிதர், பக்கத்தில் செங்குத்தாகப் பலகை. ஆள் எங்கே எழும்புவார் என்று கணித்துப் படகில் காத்திருந்த திறமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படம் ஒரே பார்வையில் தீர்ந்துபோகிறது. வெல் ஸ்ட்ரீட்டில் ஓரத்தில் நிற்பவர்களைப் பார்க்கவே தனியாக நேரம் வேண்டும்.

உள்ளூர்ப் பத்திரிகையான மான்செஸ்டர் ஈவினிங் நியூஸின் தளத்தில், புத்தாண்டுப் படங்களில் ஒன்றாகத்தான் வெல் ஸ்ட்ரீட் படம் கிடந்தது. பிபிசிக்காரர் ரோலண்ட் ஹியூஸ் கண்ணில் பட்டு, அழகான ஓவியம் போலிருக்கிறது என்று ட்விட்டரில் போட்டார், உலகம் சுற்றிவிட்டது. அதிர்ஷ்டம் என்கிறார்கள். படம் பரவியது அதிர்ஷ்டமாக இருக்கலாம். குளிரில் நள்ளிரவு தாண்டியும் தெருவில் நின்றதும், போலீஸை மட்டும் நெருக்கிப் பிடிக்காமல் தெருவையே உள்ளே விட்டதும் தொழில்.

எங்கள் பக்கத்துப் பத்திரிகையில் ஒரு போட்டோகிராபர் இருந்தார். தேரோட்டத்துக்குப் போனால் கோபுரத்தையும் தேரையும் சேர்த்து ஒன்று எடுத்துவிட்டு, நேரே சக்கரத்தடிக்குப் போய்விடுவார். முட்டுக்கட்டை போடுகிறவரின் பல்லைக் கடித்த முகம்தான் மறுநாள் பேப்பரில் வரும். இப்போது வருவதெல்லாம் ட்ரோன் படம். எந்த ஊர்த் தேர் என்று கீழே எழுதியிருந்தால்தான் தெரிகிறது. அந்த மாதிரி ஆட்களைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள யாருக்கும் மனமில்லை. 2013இல் சிகாகோ சன்-டைம்ஸ் தன் முழுநேரப் போட்டோகிராபர்கள் 28 பேரையும் ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நிருபர்களுக்கு ஐபோனில் படம் எடுக்கச் சொல்லிக்கொடுத்தது. தெருவில் நிற்க ஆள் இல்லாவிட்டால் கை நீள்வதை யார் பார்ப்பது?

ஹியூஸ் செய்ததில் எனக்குப் பிடித்தது, எடுத்தவர் பெயரையும் சேர்த்துப் போட்டதுதான். ஒரு நல்ல படம் கண்ணில் பட்டால் நீங்களும் தயவுசெய்து அதைச் செய்யுங்கள்.