தோன்றா எழுவாய்

நகாடனி நியோவின் ‘யாகாத்தே கிமி நி நாரு’ யப்பானிய மாத சஞ்சிகையொன்றில் 2015 முதல் 2019 வரை வெளிவந்து, எட்டுத் தொகுதிகளில் நிறைவுற்ற சித்திரக்கதை. சித்திரக்கதையை அங்கே மங்கா என்பர். பெண்ணுக்கும் பெண்ணுக்கும் இடையே அரும்பும் நேசத்தைச் சொல்லும் மங்காவுக்கு ‘யுரி’ என்று பெயர். லில்லிப் பூ என்பது அச்சொல்லின் பொருள். 2017இல் வரத் தொடங்கிய ஆங்கிலப் பதிப்பிலும் பக்கங்கள் வலமிருந்து இடமாகவே செல்கின்றன. அறபு ஓதிப் பழகிய நமக்கு அதில் சிரமமில்லை.

காதல் பாடல்களும் கதைகளும் யூ என்ற மாணவிக்கு நன்றாக விளங்குகின்றன. ஆனால் அந்தச் சொற்களில் ஒன்றேனும் அவளுடையதாக வந்து சேர்வதில்லை. மூத்த மாணவி தோகோ அவளை நேசிக்கிறாள். ஆனால் யூ தன்னைத் திருப்பி நேசித்துவிடக் கூடாது என்கிறாள். காதலை எப்போது சொல்வார்கள் என்று காத்திருக்க வைப்பது வழமையான காதல் கதை. இங்கே அந்தச் சொல்லே சந்தேகத்துக்குரியது.

‘சுகி’ என்பது அந்தச் சொல். மழை பிடிக்கும், மீன் பிடிக்கும், உன்னைப் பிடிக்கும் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். யார், யாரை என்று சொல்லாமலே தனித்து நிற்கும். ஆங்கிலம் ‘லைக்’, ‘லவ்’ இரண்டில் ஒன்றைத் தெரியச் சொல்லும். ‘நான்’, ‘நீ’ இரண்டையும் கேட்கும்.

வகுப்பில் தோன்றா எழுவாய் கற்பிக்கிறோம். ‘வந்தாள்’ என்றால் எழுவாய் மறைந்திருந்தாலும் விகுதி காட்டிக் கொடுத்துவிடும். யப்பானிய வினையில் அப்படியொரு விகுதி இல்லை. ஆனால் நம்முடைய ‘பிடிக்கும்’ யாரையும் காட்டிக் கொடுக்காது. இந்நூலைத் தமிழாக்குபவர் ‘காதலிக்கிறேன்’ என்பதை ஒதுக்கிவிட்டு ‘பிடிக்கும்’ என்று எழுதினால், ஆங்கிலத்தை விட மூலத்துக்கு நெருங்கி நிற்பார்.

சில யப்பானியப் பக்கங்களைக் கையடக்கத் தொலைபேசியின் கமராவால் மொழிபெயர்த்துப் பார்த்தேன். மேலிருந்து கீழாகச் செல்லும் எழுத்தை அது வாசித்ததே வியப்பு. ஆனால் எழுவாய் இல்லாத இடத்தில் தானாக ஒன்றை வைத்தது. யூ தோகோவை நினைக்கும் இடத்தில் ‘அவன்’ வந்து நின்றான். தான் அதிகம் கண்டதை வைத்து இயந்திரம் ஊகிக்கிறது. வாசகரும் விமர்சகரும் அதையே செய்வதுண்டு.

நூலின் நேர்மைக்கு மாகி என்ற சகமாணவன் சாட்சி. அவன் காதலில் இறங்க விரும்பாதவன்; பிறர் காதலை நாடகம் பார்ப்பது போல் ரசிப்பவன். யூ மாறுகிறாள், மாகி மாறவில்லை. அவனைத் திருத்த நகாடனி முயலாதது பெரிய விடயம். குறையும் உண்டு. இறந்துபோன அக்காவைப் போல் வாழ முயலும் தோகோவின் நிலையைப் பாடசாலை நாடகம் மிக வெளிப்படையாகப் பிரதிபலிக்கிறது. அவ்வளவு விளக்கம் தேவையில்லை.

இத்தகைய கதை நமக்கு எதற்கு என்று கேட்போர் இருப்பர். நம் சிறுகதைகளில் ஒரு பெண் தன் மனத்தை அறியுமுன்பே எழுத்தாளர் அதற்குப் பெயர் வைத்துவிடுகிறார். காதல், தியாகம், துரோகம் என்று பெயர்கள் தயாராக இருக்கின்றன. நகாடனி எட்டுத் தொகுதிகள் பொறுத்திருக்கிறார். ‘காலப்போக்கில் நீயாதல்’ என்று பொருள்படும் தலைப்பில்கூட ஆவது யார் என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பொறுமையை எந்தக் கதையிலிருந்தும் கற்கலாம்.