காவியா, சாதிலிங்கமா: சுவரோவிய ஆய்வில் கணினித்திரை தரும் நிறச்சான்று

தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த உள்சுற்றில், நாயக்கர் காலப் பூச்சின் அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருப்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்தார். அன்றுதொட்டு அவ்வோவியங்கள் குறித்து எழுதப்பட்டவை பல. ஆயின் அச்சுவரின் முன் நின்று, போதிய ஒளியில், வேண்டிய நேரம் நோக்கி எழுதியோர் சிலரே. சுற்று குறுகியது; இருள் மிக்கது; பொதுமக்கள் நுழைவு தடுக்கப்பட்டது. பின்வாங்கி நின்று முழு ஓவியத்தையும் ஒருசேர நோக்க அங்கு இடமில்லை. ஆகவே ஆய்வாளர் பெரும்பாலோர்க்கு அவ்வோவியம் என்பது நூல்களின் வண்ணத்தாள்களும், இன்று கணினித்திரையில் விரியும் நிழற்படங்களுமே ஆகும்.

உருவ அமைதி, அணிகலன், ஆடை மடிப்பு, முத்திரை ஆகியவற்றை ஆராய இந்நிழற்படங்கள் பெரிதும் போதுமானவை. நிறம் பற்றிய கூற்றுகளில்தான் இடர் தோன்றுகிறது. “குங்குமச் செம்மை”, “ஆழ்ந்த நீலம்” போன்ற தொடர்கள் வருணனையாக நிற்கும்வரை தீங்கில்லை. அவை சான்றாக மாறும்போது சிக்கல் எழுகிறது. செம்மண் காவி இரும்பு ஆக்சைடு, எளிதில் கிடைப்பது. சாதிலிங்கம் பாதரச சல்பைடு. அரிதும் விலை மிக்கதும் ஆகும். ஒரு செந்நிறத்தைச் சாதிலிங்கம் எனக் கொண்டால் புரவலரின் செல்வநிலை, வணிகத் தொடர்பு, ஓவியர் மரபு ஆகிய மூன்றைப் பற்றியும் முடிவுகள் தொடர்ந்து வரும். அம்முடிவுகள் அனைத்தும் ஒரு திரையின் செம்மை மீது நிற்குமானால், அத்திரையைப் பற்றி வினவுவது ஆய்வாளரின் கடமையாகிறது.

படக்கோப்பில் நிறம் இல்லை. எண்கள் மட்டுமே உள்ளன. சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று எண்களும் எந்த நிறவெளிக்கு உரியன என்று தெரிந்தாலன்றி அவை எந்த நிறத்தையும் குறிப்பதில்லை. பொதுப் பயன்பாட்டிற்கென 1999இல் தரப்படுத்தப்பட்ட எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் வெண்மை டி65, அதாவது ஏறத்தாழ 6500 கெல்வின். திரையொளி சதுர மீட்டருக்கு 80 கேண்டெலா. இதனினும் அகன்ற நிறவெளியைக் காட்டும் திரைகள் இன்று பரவலாகிவிட்டன. அத்தகைய திரையின் இயல்பைக் கணினி அறியாதபோது எஸ்ஆர்ஜிபி எண்கள் மாற்றமின்றி அப்படியே திரைக்குச் செல்கின்றன. எல்லா நிறங்களும் மிகைப்படுகின்றன. சுவரில் மங்கிய காவியாக இருப்பது திரையில் சாதிலிங்கமாகச் சுடர்கிறது. வெண்மை நீலத்தின் பக்கம் சாய்ந்த திரையிலோ சுதையின் சாம்பல் நிறமும் நீலம் தோய்ந்ததாகத் தோன்றும். இரு ஆய்வாளர் ஒரே கோப்பைத் திறந்து வேறுவேறு ஓவியங்களைப் பற்றி எழுத இதுவே போதும்.

கண்ணால் ஒப்பிட்டுத் திரையைத் திருத்திவிடலாம் எனக் கருதுவோரும் உளர். கண் மிக விரைவில் பழகிக்கொள்ளும் பொறி. எந்த வெண்மையையும் சில நிமிடங்களில் வெண்மையென ஏற்றுவிடும். எனவே கருவி இன்றியமையாதது. இங்கு இரு செயல்களைப் பிரித்தறிதல் வேண்டும். திரையின் ஒளியளவு, வெண்மை, காமா ஆகியவற்றைக் குறித்த நிலைக்குக் கொணர்வது அளவுத்திருத்தம். அந்நிலையில் திரை ஒவ்வோர் எண்ணுக்கும் எந்நிறத்தைக் காட்டுகிறது என அளந்து பதிவது நிறவிவரக் கோப்பு. முன்னதை மட்டும் செய்து பின்னதை விடுப்பின் கணினி இன்னும் குருடே. திரையை அரைமணி நேரம் ஒளிரவிட்டு, அறையொளியைக் குறைத்து, இரவுநேர மஞ்சள் ஒளி அமைப்பு முதலியவற்றை நீக்கி, நிறமானியைத் திரைமேல் பொருத்தி அளத்தல் முறை. எதிர்பார்த்த நிறத்திற்கும் அளந்த நிறத்திற்கும் உள்ள இடைவெளி டெல்டா-ஈ என்னும் எண்ணால் குறிக்கப்பெறும்; அது 1ஐ ஒட்டியிருப்பின் வேறுபாடு கண்ணுக்கு அரிதாகவே புலனாகும். மண்சார் வண்ணங்களின் செறிவு மிதமானது. ஆகவே இவ்வகை ஆய்விற்கு விலை உயர்ந்த அகன்ற நிறவெளித் திரை வேண்டுவதில்லை. அளந்த எளிய திரை, அளக்காத உயர்ந்த திரையினும் நன்று.

ஆயினும் அளவுத்திருத்தத்தையே உண்மையின் உறைகல்லாகக் கொள்வதும் பிழையே. திரை, சங்கிலியின் இறுதிக் கண்ணி மட்டுமே. படமெடுத்தபோது 24 கட்டங்கள் கொண்ட நிற அட்டை உடன் வைக்கப்படவில்லையெனின், இழைவிளக்கின் மஞ்சளை ஓவியத்தின் மஞ்சளிலிருந்து பின்னர்ப் பிரித்தல் அரிது. அதற்கும் முன்னே சுவரே மாறியிருக்கக்கூடும். அஜந்தாவில் 1920களில் இத்தாலியப் பாதுகாப்பாளர்கள் பூசிய அரக்கு மெருகு காலப்போக்கில் மஞ்சளித்து ஓவியங்களின் தோற்றத்தையே மாற்றியது. அங்குள்ள செம்மையான திரைப்படிமம் அரக்கின் மஞ்சளையும் செம்மையாகவே காட்டும். அதற்கு முன்னர் இராபர்ட் கில் தீட்டிய அஜந்தாப் படிகளுள் பெரும்பாலானவை 1866இல் இலண்டன் படிக மாளிகைத் தீயில் அழிந்தமையால், ஒப்பிடத்தக்க பழஞ்சான்றும் குறைந்துபோயிற்று.

மேலும், ஒரே தோற்றம் தரும் இரு வண்ணப்பொருள்கள் வேதியியலால் முற்றிலும் வேறாக இருக்கலாம். காவியா சாதிலிங்கமா என்னும் வினாவிற்கு எக்ஸ்-கதிர் ஒளிர்வு, இராமன் நிறமாலையியல் போன்ற முறைகளே விடை தரும். 1930களிலேயே சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன் தென்னகச் சுவரோவியங்களின் சுதையையும் வண்ணங்களையும் ஆய்வுக்கூடத்தில் பகுத்தறிந்தார். கையில் இத்தனை வசதியிருந்தும் அவ்வழியை விடுத்துத் திரையைக் கண்டு வண்ணப்பொருளைப் பெயரிடுதல் பின்னடைவேயாகும்.

சொல்லாட்சியும் இவ்விடரைப் பெருக்குகிறது. பசுமை என்னும் சொல் பச்சையை மட்டுமன்றிப் பொன்னிறச் சாயலையும் தழுவும். செம்மை பொன்னிலிருந்து குருதிவரை விரியும். கவிதைக்கு இவ்விரிவு வளம். ஓவிய வருணனையில், சுவர், படம், திரை என மூன்றில் எதன் நிறம் கூறப்படுகிறது என்பதையே இது மறைத்துவிடுகிறது.

இதழ்களுக்கும் இதில் பங்குண்டு. கட்டுரையைப் பதிவேற்றும்போது கோப்பளவைக் குறைக்கும் மென்பொருள் படத்தோடு இணைந்த நிறவிவரத்தை நீக்கிவிடுவதுண்டு. ஆசிரியர் கண்டதை வாசகர் காண இயலாது. நிறத்தைச் சான்றாக்கும் கட்டுரையில் படத்தின் அடிக்குறிப்பாக நான்கு செய்திகள் வேண்டும்: எந்த ஒளியில் எடுத்தது, நிற அட்டை இருந்ததா, எந்த நிறவெளி, எவ்வாறு அளந்த திரையில் நோக்கியது. இவை இல்லாதபோது மதிப்பீட்டாளர் அக்கட்டுரையின் உருவ ஆய்வை ஏற்று, நிற முடிவுகளை மட்டும் திருப்பி அனுப்பலாம். ஒரு துறைக்கு ஒரு நிறமானி போதும். அதனைப் பல திரைகளுக்கும் மாறிமாறிப் பயன்படுத்தலாம்.