பனிநாட்டின் குரலும் பணப்பெட்டியின் தீர்ப்பும்

வானொலி எதற்காக? பாட்டுக்கா, பண்டிகை வாழ்த்துக்கா, பல்பொடி விளம்பரத்துக்கா? ஆள்வோர் பேச, ஆளப்படுவோர் வாய்மூடிக் கேட்பதற்கா? ‘ஆகாஷவாணி’ வேண்டாம், ‘வானொலி’ என்றே சொல்லுங்கள் என்று வாதாடிய இயக்கத்தவர் நாம். ஆகவே இந்தக் கேள்வி நமக்குப் புதிதன்று. ஆனால் இதற்கான தெளிவான விடையை வடமுனைக்கு அருகே, பனி உறைந்த அலாஸ்காவின் மேற்குக் கரையிலே காண்கிறோம். அந்த விடையைப் பணப்பெட்டி எப்படிப் பூட்ட முனைந்தது என்பதையும் அங்கேயே காண்கிறோம்.

1867-ல் ரஷ்யப் பேரரசன் 72 லட்சம் டாலருக்கு அமெரிக்காவிடம் விற்ற மண் அலாஸ்கா. மண்ணுக்கு விலை பேசினர். மண்ணின் மைந்தரிடம் ஒரு சொல்லும் கேட்டாரில்லை. அங்கே யூக்கான், குஸ்கோக்விம் என்னும் இரு பேராறுகளின் கழிமுகத்திலே யூப்பிக் மக்கள் வாழ்கின்றனர். ஐம்பதுக்கு மேற்பட்ட சிற்றூர்கள். ஊர்களை வெளியுலகோடு இணைக்கும் நெடுஞ்சாலை ஒன்றுகூட இல்லை. கோடையிலே படகு, பனிக்காலத்திலே உறைந்த ஆறே பாதை, மற்றபடி சிறு விமானம். அந்நிலத்தின் நடுவூர் பெத்தேல். அவ்வூரிலிருந்து 1971 முதல் ஒலிப்பது கே.ஒய்.யூ.கே. என்னும் பொது வானொலி.

அது என்ன ஒலிபரப்புகிறது? செய்தி, ஆங்கிலத்திலும் யூப்பிக் மொழியிலும். ஆற்றுப் பனியின் நிலை, மீன் பிடிக்க அனுமதி உண்டா இல்லையா என்னும் அறிவிப்பு, தடுப்பூசி பற்றிய விளக்கம், பிறந்தநாள் வாழ்த்து, ஊர்விட்டு ஊருக்கு உறவினர் அனுப்பும் செய்தி, மூத்தோர் தம் தாய்மொழியிலே உரையாடும் நிகழ்ச்சி. மாநகரத்து மேதாவி இதைக் கேட்டால், ‘இதுவா செய்தி?’ என்று இதழ் சுழிப்பான். உறைந்த ஆற்றின்மேல் வண்டியோட்டிச் செல்ல வேண்டியவனுக்கு, பனி எங்கே மெலிந்திருக்கிறது என்பதைவிடப் பெரிய தலைப்புச் செய்தி எது? அமைச்சர் அடிக்கல் நாட்டியது செய்தி, அடுத்த ஊர்க்காரன் ஆற்றிலே மூழ்காமல் இருப்பது செய்தியன்று என்பது அரண்மனைக் கணக்கு, மக்கள் கணக்கன்று.

உடல்நலம் பற்றிய பாடத்தை அந்நாடு மிகக் கொடிய முறையிலே கற்றது. 1925 சனவரியிலே நோம் நகரிலே தொண்டை அடைப்பான் நோய் பரவிற்று. மருத்துவர் கர்ட்டிஸ் வெல்ச் தந்தி வழியாக உலகை அழைத்தார். ஏறத்தாழ 20 ஓட்டுநர்களும் 150 நாய்களும் கைமாற்றிக் கைமாற்றி, 674 மைல் தொலைவை ஐந்தரை நாட்களிலே கடந்து மருந்தைக் கொணர்ந்தனர். நாய்க்கு நியூயார்க்கிலே சிலை எழுந்தது, அவ்வாண்டே எழுந்தது! ஆனால் நகருக்கு வெளியே பழங்குடியினர் குடியிருப்புகளிலே மாண்ட குழந்தைகள் பலர் கணக்கிலேயே வரவில்லை என்று அந்த மருத்துவரே கருதினார். சிலை பெற்றது வீரம். கணக்கே பெறவில்லை சாவு. நோயாளியின் குரல் மருத்துவரை எட்ட வழியில்லாத இடத்திலே நேர்வது இதுதான்.

பிற்காலத்திலே அந்த வழியைத் திறந்தது வானலை. காசநோய் கொன்று குவித்த மண்ணிலே, ஊருக்கு ஒருவர் எனச் சுகாதார உதவியாளர்கள் பயிற்சி பெற்றனர். நாள்தோறும் குறித்த நேரத்திலே தொலைவிலிருக்கும் மருத்துவர் வானலை வழியாக அவர்களோடு பேசினார், நோயின் குறியைக் கேட்டார், மருந்தைச் சொன்னார். ஒருவர் நோயை ஊரார் அனைவருமே கேட்க நேர்ந்த குறை அதிலே இருந்தது. ஆயினும், தலைவிதி என்று சொல்லப்பட்ட சாவைத் தடுத்தது மந்திரமன்று, தகவல்! பகுத்தறிவு என்பது பட்டிமன்றப் பொருள் மட்டுமன்று. உரிய நேரத்திலே உரியவர் காதிலே விழும் உண்மையும் பகுத்தறிவுதான்.

உண்மை காதிலே விழுந்தால் மட்டும் போதுமா? புரிய வேண்டாமா? 2022 செப்டம்பரிலே ஒரு பெரும்புயலின் மிச்சம் அக்கரையைத் தாக்கிற்று. வீடிழந்தோர் உதவி பெறுவது எப்படி என்று விளக்கும் தாள்களை யூப்பிக், இனுப்பியாக் மொழிகளிலே பெயர்த்துத் தரும்படி, நடுவண் அரசின் பேரிடர்த் துறை கலிபோர்னியாவிலுள்ள ஒரு நிறுவனத்துக்குப் பணம் கொடுத்தது. வந்த தாள்களிலே என்ன இருந்தது? உதவிக்கு வழி தேடியவன் வேட்டையைப் பற்றியும் பனிக்கரடியைப் பற்றியும் தொடர்பற்ற வரிகளைப் படித்தான்! பெருமளவு வரிகள், 1940-களிலே சைபீரியாவிலே ஒரு ரஷ்ய அறிஞர் தொகுத்து வைத்த நாட்டார் கதைகளிலிருந்து அள்ளித் தெளிக்கப்பட்டவை என்று மொழியியலார் கண்டனர். ஒரு தாளோ கனடாவின் இனுக்டிடுட் மொழியிலேயே இருந்தது. வாஷிங்டனிலே யார் கண்டுபிடித்தார்? ஒருவருமில்லை. கண்டுபிடித்து உலகுக்குச் சொன்னது பெத்தேல் வானொலிதான். அங்கே அந்த மொழி தெரிந்தவர்கள் வேலையிலே இருந்தனர், அதுதான் மறைபொருள். அதன் பிறகே அரசு அந்நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தை முறித்தது.

2014-ல் அலாஸ்கா 20 பழங்குடி மொழிகளை ஆட்சிமொழிகளாக அறிவித்தது. சட்டப் புத்தகத்திலே மொழி ஏறிவிட்டது. ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தவனை அலுவலகத்திலே ஏற்றவில்லை. மொழிக்கு மாலை, மொழியாளனுக்கு வெளிவாசல்! இந்தப் பித்தலாட்டத்தை நம் வாசகர்க்கு விளக்கவும் வேண்டுமோ?

‘அரசுப் பணம் எதற்கு? அறநிலையங்கள் நடத்தட்டுமே’ என்பார் உளர். நோம் நகரிலே கத்தோலிக்க அமைப்பின் வானொலி 1971 முதல் இயங்குகிறது. வானிலையும் ஊர்ச்செய்தியும் அதுவும் தருகிறது. அதன் பயனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதை நிறுவிய பாதிரியாரின் பெயர், நம்பத்தகுந்த பாலியல் குற்றச்சாட்டுக்கு ஆளானோர் என்று இயேசு சபையே பின்னாளில் வெளியிட்ட பட்டியலிலே இடம்பெற்றது. 2011-ல் அச்சபையின் ஆரிகன் மாகாணம், அலாஸ்காப் பழங்குடியினர் பலர் உள்ளிட்ட ஏறத்தாழ 500 பேருக்கு 16 கோடியே 60 லட்சம் டாலர் இழப்பீட்டுக்கு இசைந்தது. இன்று அங்கே உழைக்கும் செய்தியாளரைக் குறை கூற இதைச் சொல்லவில்லை. மக்களின் வாய் மடத்தின் கையிலே இருந்தால், மடத்தைப் பற்றி மக்கள் பேசுவது எங்கே என்றே கேட்கிறோம்.

பொது வானொலியிலே குறையே இல்லையா? உண்டு. தாய்மொழிக்கு ஒதுக்கப்படும் நேரத்தினும் ஆங்கிலத்துக்கு ஒதுக்கப்படும் நேரமே மிகுதி. தென்மாநிலங்களிலிருந்து வரும் இளம் செய்தியாளர் ஓரிரு ஆண்டு இருந்து, ஆற்றின் பெயர்கள் நாவிலே பழகும் வேளையிலே புறப்பட்டுவிடுவர். மண்ணின் பிள்ளைகளை அந்த நாற்காலியிலே அமர்த்தும் பணி முடிந்தபாடில்லை. ஆனால் குறையுள்ள கண்ணுக்கு மருந்திடுவதுதான் முறை. கண்ணையே தோண்டுவது முறையாகுமா?

தோண்டத்தான் செய்தனர். 2019-ல் மாநில ஆளுநர் பொது ஒலிபரப்புக்கான மாநில நிதியை வெட்டினார். 2025 சூலையிலே அமெரிக்க நாடாளுமன்றம், பொது ஒலிபரப்புக் கழகத்துக்கு ஏற்கெனவே ஒதுக்கியிருந்த ஏறத்தாழ 110 கோடி டாலரைத் திரும்பப் பறித்தது. மேலவையிலே வாக்கு 51-க்கு 48. தேசிய வானொலி ஒருதலைச் சார்புடையது என்பது சாட்டிய குற்றம். தண்டனை பெற்றதோ, வருவாயிலே ஏறத்தாழ 70 விழுக்காட்டை அந்நிதியிலிருந்தே பெற்றுவந்த பெத்தேல் நிலையம்! ஆளுங்கட்சியைச் சேர்ந்தவரேயாயினும், அலாஸ்காவின் உறுப்பினர் லிசா முர்கோவ்ஸ்கி எதிர்த்து வாக்களித்தார். மேலவையிலே விவாதம் நடந்த சூலை 16 அன்றே அலாஸ்காக் கரைக்கப்பால் 7.3 அளவிலே நிலம் நடுங்கிற்று. ஆழிப்பேரலை எச்சரிக்கையைக் கரையோர மக்களுக்குப் பொது வானொலிகள் ஒலித்துக்கொண்டிருந்தன. வாக்கு மாறவில்லை. அவ்வாண்டு அக்டோபரிலே ஹாலோங் புயலின் மிச்சம் கிப்னுக், க்விகிலிங்கோக் ஊர்களைச் சிதைத்தது, வீடுகள் மிதந்தன, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஊரிழந்தனர். அப்போதும் அம்மக்களின் மொழியிலே பேசியது, பணம் பறிக்கப்பட்ட அதே வானொலிதான்.

‘இணையம் இருக்கிறதே’ என்பர். மின்சாரம் நின்றால் இணையம் நிற்கும். சிறு மின்கலத்திலே இயங்கும் பெட்டி நிற்காது. ‘கேட்பவர் நன்கொடை தரட்டும்’ என்பர். செல்வர் நகரம் தன் வானொலியைக் காத்துக்கொள்ளும். மீன்பிடித்து வாழும் சிற்றூர் எதைக் கொடுக்கும்? பணமுள்ளவனுக்கே எச்சரிக்கை, பணமற்றவனுக்கு அலை என்றால், அதன் பெயர் சிக்கனமா?

தோழர்களே! வடமுனையின் பனி நமக்குத் தொலைவு. அங்குள்ள வழக்கு தொலைவன்று. மக்களின் மொழியிலே, மக்களின் தேவைக்கு, மடத்துக்கும் வணிகனுக்கும் தலைவணங்காமல் பேசும் குரல் பிச்சையன்று, உரிமை. குடிநீருக்குச் செலவிடுவது எந்த முறையோ, அந்த முறையிலே அதற்கும் செலவிட வேண்டும். செலவு எவ்வளவு என்று கேட்பவரை நாம் திருப்பிக் கேட்போம்: அலை வரும் இரவிலே, அம்மொழியிலே ‘மேட்டுக்கு ஓடுங்கள்’ என்று சொல்ல ஆளில்லாமற் போனால், அந்தச் செலவை எந்தக் கணக்கிலே எழுதுவீர்?