காற்றை அளக்கும் கோல் கம்பம் பள்ளத்தாக்கிற்குப் பொருந்துமா?

காற்று கெட்டுவிட்டது என்று சொல்வது எளிது. எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்வதற்குத்தான் அறிவியல் தேவைப்படுகிறது. நம் நாட்டில் இதற்கென ஒரு முறை வகுக்கப்பட்டிருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1984ஆம் ஆண்டில் தொடங்கிய கண்காணிப்புத் திட்டமும், 2009 நவம்பரில் வெளியிட்ட தர வரையறைகளும் அம்முறையின் இரு தூண்கள். அது தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கிற்கு எந்த அளவு பொருந்துகிறது என்பதை இங்கே ஆராய்வோம்.

முதலில் அதன் சிறப்பைச் சொல்லிவிடுவது நியாயம். காற்றை உறிஞ்சி ஒரு வடிதாள் வழியே செலுத்துகிறார்கள். தாளை முன்னும் பின்னும் எடை போடுகிறார்கள். கூடிய எடையை, உறிஞ்சிய காற்றின் கன அளவால் வகுத்தால் விடை கிடைத்துவிடும். கருவி நிமிடத்துக்கு 1.1 கனமீட்டர் வீதம் 24 மணி நேரம் ஓடினால் 1,584 கனமீட்டர் காற்று அதனுள் செல்லும். தாளின் எடை 0.1584 கிராம் கூடியிருந்தால், ஒரு கனமீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராம் துகள் இருந்தது என்று பொருள். 10 மைக்ரானும் அதற்குக் குறைவும் உள்ள துகள்களுக்கு 24 மணி நேரச் சராசரியாக அனுமதிக்கப்பட்ட உச்ச அளவும் இதுவே. கந்தக டையாக்சைடு போன்ற வாயுக்களை ஒரு கரைசலில் குமிழியிடச் செய்து, அதில் தோன்றும் நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். பள்ளி மாணவரும் சரிபார்க்கக்கூடிய கணக்கு இது. ஒளிவு மறைவு இல்லாத முறை என்று தயங்காமல் பாராட்டலாம்.

குறை கணக்கில் இல்லை. எப்போது, எங்கே, எதை அளக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

எப்போது? வாரத்துக்கு இரு நாள், ஆண்டுக்குக் குறைந்தது 104 நாள் அளந்தால் போதும் என்பது விதி. மீதி 261 நாள் கருவி ஓய்வெடுக்கலாம். நகரத்தின் வாகனப் புகைக்கு இது பெரிதும் ஒத்துவரும். ஒரு செவ்வாய்க்கிழமை மற்றொரு செவ்வாய்க்கிழமையைப் போலத்தான் இருக்கும். தோட்டத்தில் மருந்தடிப்பு அப்படியல்ல. அது சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அளவீட்டு நாளுக்கு முந்தின நாள் நடந்தால் பதிவேட்டில் அது நடக்கவே இல்லை. பள்ளத்தாக்கின் காற்றும் ஒரே மாதிரி வீசுவதில்லை. தென்மேற்குப் பருவத்தில் கம்பம் கணவாய் வழியாகப் பலத்த காற்று புகுந்து எல்லாவற்றையும் அடித்துச் செல்கிறது. குளிர்கால இரவுகளில் மலைச்சரிவிலிருந்து குளிர்ந்த காற்று இறங்கித் தரையோடு தங்கிவிட, மேலே வெப்பமான காற்று மூடிபோல் அமர்கிறது. அப்போது கீழே எழும் புகை மேலேற வழியின்றித் தேங்கும். இவ்விரு பருவங்களையும் கூட்டி வகுத்த ஆண்டுச் சராசரி, இரண்டில் எதையும் சரியாகச் சொல்லாது.

எங்கே? கருவியின் வாய் தரையிலிருந்து 3 முதல் 10 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். திராட்சைப் பந்தலின் கீழே நின்று மேல்நோக்கி மருந்தடிப்பவரின் மூக்கோ ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. “இது பொதுக் காற்றை அளக்கும் முறை, வேலையிடத்துக் காற்று வேறு விஷயம்” என்று சிலர் பதில் சொல்லலாம். ஆலைக்கு அது சரி. ஆலைக்குச் சுவர் உண்டு. தோட்டத்துக்குச் சுவர் ஏது? பந்தல் முடியும் இடத்தில் வீடு தொடங்குகிறது.

எதை? இதுவே முதன்மையான கேள்வி. 2009ஆம் ஆண்டு வரையறையில் 12 பொருள்கள் இருக்கின்றன. இருவகைத் துகள்கள், கந்தக டையாக்சைடு, நைட்ரஜன் டையாக்சைடு, ஓசோன், கார்பன் மோனாக்சைடு, அம்மோனியா, பென்சீன், பென்சோபைரீன், ஈயம், ஆர்சனிக், நிக்கல். இப்பட்டியலில் பூச்சிக்கொல்லி ஒன்றுகூட இல்லை. ஆண்டு முழுவதும் திராட்சை விளையும் பள்ளத்தாக்கு இது. மேற்கே மலைக்கு அப்பால் இடுக்கியின் ஏலத்தோட்டங்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இங்கிருந்து நாள்தோறும் ஜீப்புகளில் அங்கே வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் சுவாசிப்பதில் எதைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டுமோ, அதற்குப் பட்டியலில் இடமில்லை. வரம்பு இல்லாத பொருளுக்கு வரம்பு மீறலும் இல்லை. ஆகவே முறையிடவும் வழியில்லை.

வடிதாளே இதைப் பிடித்துவிடாதா என்று கேட்கலாம். முழுமையாகப் பிடிக்காது. பூச்சிக்கொல்லியில் ஒரு பகுதி துகள்களில் ஒட்டியிருக்கும். மறுபகுதி ஆவியாகத் தாளைக் கடந்து போய்விடும். தாளில் தங்கியதும்கூட, இடைவிடாது ஓடும் காற்றில் மெல்ல ஆவியாகும். மிஞ்சியது தராசில் வெறும் தூசியாகவே எடை காட்டும்.

இப்போது கைபேசியில் ஊர் பெயரைத் தட்டினால் காற்றின் தரம் ஓர் எண்ணாக வந்து நிற்கிறது. அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். அது நிலையத்தில் அளந்ததா, செயற்கைக்கோள் தகவலைக் கொண்டு கணித்ததா, அல்லது ஒளிச் சிதறலால் துகளை எண்ணும் மலிவான உணர்கருவி சொன்னதா என்று கேளுங்கள். மூன்றாம் வகைக் கருவி, ஈரக் காற்றில் நீரை ஏற்றுப் பருத்த துகளைக் கண்டு கூடுதலாகக் காட்டும். மலையடிவாரப் பனிமூட்டத்தில் அது சொல்வது பாதி தூசி, பாதி தண்ணீர்!

மாற்று வழி இல்லாமல் இல்லை. பாலியூரித்தேன் நுரைத் தட்டு ஒன்றை இரு உலோகக் கிண்ணங்களுக்கு நடுவே வைத்துத் தொங்கவிட்டால், வாரக்கணக்கில் ஆவியைத் தானே ஈர்த்துக்கொள்ளும். மின்சாரம் தேவையில்லை, ஆகவே மின்வெட்டைப் பற்றிய கவலையும் இல்லை. பிறகு ஆய்வுக்கூடத்தில் வாயு நிறப்பிரிகை முறையால் எந்த மருந்து, எவ்வளவு என்று பிரித்தறியலாம். உலகின் பல நாடுகளில் நிலைத்த நச்சுப் பொருள்களைக் காற்றில் தேட இம்முறை 20 ஆண்டுகளாகப் பயன்படுகிறது. இதற்கும் குறை உண்டு. ஒரு நாளின் உச்சத்தை இது காட்டாது. பல வாரச் சராசரியைத்தான் தரும். ஆனால் ஒன்றும் தெரியாத இடத்தில் அந்தச் சராசரியே பெரிய அறிவு.

கூடலூர், கம்பம், சின்னமனூர், போடி ஆகிய நான்கு இடங்களில், தோட்டங்களை ஒட்டி, மனிதர் சுவாசிக்கும் உயரத்தில், இரு பருவங்களிலும் இத்தட்டுகளைத் தொங்கவிட வேண்டும். முடிவுகளை ஊராருக்குத் தமிழில் அறிவிக்க வேண்டும். நகரத்துக்காகச் செய்த அளவுகோல் நல்ல அளவுகோல்தான். அதைக் கொண்டு அளந்துவிட்டு, “உங்கள் காற்று தூய்மையானது” என்று பள்ளத்தாக்கு மக்களிடம் சொல்வதுதான் தவறு.