மெக்சிகோக்காரக் கொடுக்காப்புளி

பங்குனி வெயில் ஏறும்போது மதுரைத் தெருவோரச் சாக்கு விரிப்புகளில் கொடுக்காப்புளி கூறு கூறாகக் குவிந்துவிடும். பச்சையாக இருப்பதை நான் வாங்குவதில்லை; துவர்ப்பு தொண்டையைப் பிடிக்கும். ஜிலேபிபோல் சுருண்டு, முதுகில் சிவப்பேறி, தானே வாய்பிளந்த காயாகப் பொறுக்க வேண்டும். உள்ளே பஞ்சுபோல் வெண்சதை, ஓரத்தில் ரோஸ் நிறம். முதல் கடியில் இனிப்பு, மென்று முடிக்கையில் மெல்லிய துவர்ப்பு. அந்தத் துவர்ப்பு இல்லாவிட்டால் இரண்டாவது சுளைக்குக் கை போகாது என்றே நினைக்கிறேன்.

வேலியோர முள்மரம் என்பதால் நம்மூர்ச் சொத்தென்றே நம்பியிருந்தேன். அதன் தாயகமோ மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். ஸ்பானியக் கப்பல்களில் பிலிப்பைன்ஸ் போனது. ஆங்கிலத்தில் ‘மணிலாப் புளி’ என்ற பெயர் அதனால்தான். புளி என்ற பெயருக்கேற்ப, புளிய மரத்தைப் போலவே இதுவும் அவரைக் குடும்பம். டிராகன் பழத்தின் பூர்வீகமும் அதே அமெரிக்க மண்தான். அது குளிர்பெட்டியில் கிலோக் கணக்கில் விற்கிறது, இது தரையில் கூறாகக் கிடக்கிறது. எனக்கு இதுதான் ருசி.

தின்ற பிறகும் ஒரு விளையாட்டு உண்டு. கறுப்பு விதையின் மேல்தோலை மட்டும், உள்ளிருக்கும் பழுப்புத்தோலில் கீறல் விழாமல் உரிக்க வேண்டும். இன்றும் நகத்தால் மெதுவாகத் தொடங்குகிறேன். பாதியில் கீறல் விழுந்து உள்ளிருக்கும் வெள்ளை எட்டிப் பார்த்துவிடுகிறது. அடுத்த விதையை எடுக்கிறேன்.