யார் போட்ட கேட்? ஃப்ளோ சைட்டோமெட்ரி பற்றி ஒரு புகார்

புரோக்ளோரோகாக்கஸ் கண்டுபிடிக்கப்பட்ட கதையை நீங்களும் எங்கேயாவது படிச்சிருப்பீங்க. ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களிலேயே மிகச் சின்னது, குறுக்களவு அரை மைக்ரானுக்குக் கொஞ்சம் மேல. உலகக் கடல்களில் மொத்த எண்ணிக்கையைச் சொல்லணும்னா ஒன்றுக்குப் பின்னால் 27 சைபர் போடணும். இவ்வளவு இருந்தும் 1980கள் வரை யாருக்கும் தெரியாது. ஃப்ளோ சைட்டோமீட்டரைக் கப்பலில் ஏற்றினார்கள், மெஷின் கண்டுபிடித்துவிட்டது. கதை இப்படித்தான் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. இந்தக் கடைசி வரியோடுதான் எனக்குத் தகராறு.

மெஷின் செய்வது என்னன்னு முதல்ல பார்த்துடலாம். கடல்நீரை மெல்லிய இழையாக்கி, அதைச் சுற்றி இன்னொரு திரவத்தை ஓடவிட்டு, துகள்கள் ஒன்றன்பின் ஒன்றாக லேசர் முன்னால் போகும்படி செய்வார்கள். ஒவ்வொரு துகளும் எவ்வளவு ஒளியைச் சிதறடிக்கிறது, எந்த நிறத்தில் ஒளிர்கிறது என்று பதிவாகும். பச்சையம் உள்ள செல்லுக்குச் சாயமே வேண்டாம், நீல லேசர் பட்டதும் சிவப்பாக ஒளிரும். சைனகோகாக்கஸ் தன் நிறமியால் ஆரஞ்சாகவும் ஒளிரும். ஒரு நொடிக்கு ஆயிரக்கணக்கான துகள். திரையில் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி.

இதோட மெஷின் வேலை முடிஞ்சுது. மீதி மனுஷன் வேலை, அது ரெண்டு இடத்தில் நடக்குது. ஒன்று த்ரெஷோல்ட்: இந்த அளவுக்குக் கீழே வரும் சிக்னலைப் பதிவே செய்யாதே என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது. சொல்லாவிட்டால் மின்சுற்றின் இரைச்சலும் தூசியும் ஃபைலை நிரப்பிவிடும். இன்னொன்று கேட்: புள்ளிக் கூட்டத்தைச் சுற்றி மவுஸால் ஒரு கோடு வரைந்து, உள்ளே இருப்பதெல்லாம் இன்ன உயிரி என்று பெயர் வைப்பது. ஆய்வுக் கட்டுரையில் வரும் எண்ணிக்கை அந்தக் கோட்டுக்குள் விழுந்த புள்ளிகளின் எண்ணிக்கைதான்.

இப்போ கதைக்கு வருவோம். 1980களின் நடுப்பகுதியில் எம்.ஐ.டி.யின் சாலி சிஸமும் வுட்ஸ் ஹோலின் ராபர்ட் ஓல்சனும் கடலுக்குக் கொண்டுபோன கருவி, மருத்துவ ஆய்வுக்கூடங்களில் ரத்த செல்களை ஆராயப் பயன்பட்ட வகை. ரத்தச் சிவப்பணு ஏழெட்டு மைக்ரான். அதற்கான கருவியில் ஒரு மைக்ரான் சைனகோகாக்கஸையே எண்ணுவது சாதனைதான். கிராஃபின் இடதுகீழ் மூலையில், அதைவிட மங்கலாக ஒரு சிவப்புக் கறை தெரிந்தது. முதலில் அதை இரைச்சல் என்றுதான் நினைத்தார்கள். மெஷினை மட்டும் கேட்டிருந்தால் அதுவும் மறுத்திருக்காது.

கறையை உயிராக்கியது ஒரு கேள்வி. ஆழத்தில் எடுத்த நீரில் அந்தக் கறை இன்னும் பிரகாசமாக ஏறி வந்தது. மின்சுற்று இரைச்சலுக்குக் கடலின் ஆழம் எப்படித் தெரியும்? வெளிச்சம் குறைந்த இடத்தில் செல் அதிகப் பச்சையத்தைச் சேர்த்துக்கொள்கிறது, அதனால் கூடுதலாக ஒளிர்கிறது. 1988ல் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. 'யாருக்கும் தெரியாது' என்பதும் முழுசா சரியில்லை. 1979லேயே ஜான்சனும் சீபர்த்தும் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் இப்படிப்பட்ட செல்களைப் படம் எடுத்திருந்தார்கள். 1983ல் கீஸ்கெஸும் கிராயும் அட்லாண்டிக் நீரில் பச்சையத்தின் வினோதமான ஒரு வகையைப் பார்த்தார்கள். ஆளுக்கொரு துண்டு கையில் இருந்தது, சேர்த்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

வரலாற்றுக் குறை என்று இதை விட்டுவிடலாம். ஆனா அந்த இடதுகீழ் மூலை இன்னும் அங்கேயேதான் இருக்கு. கடல் மேற்பரப்பில் வெயில் அதிகம், செல்லில் பச்சையம் குறைவு, சிவப்பு ஒளியும் மங்கல். கருவியின் உணர்திறன் போதாவிட்டால் அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி த்ரெஷோல்டுக்குக் கீழே போய்விடும். முறத்தில் புடைக்கும்போது தவிடோடு நொய்யும் பறப்பது மாதிரி. மேற்பரப்பில் குறைவு என்று அட்டவணையில் வரும் எண், கடலைப் பற்றிய தகவலா அந்தக் கருவியைப் பற்றிய தகவலா? சைபர் கிரீன் சாயம் போட்டு டி.என்.ஏ.வை ஒளிரவைத்தால் எல்லா செல்லும் தெரியும், உண்மைதான். ஆனால் ஒளிச்சேர்க்கை செய்யாத பாக்டீரியாவும் அதே இடத்தில் வந்து உட்காரும். மங்கலான புரோக்ளோரோகாக்கஸை அதிலிருந்து பிரிக்க மறுபடியும் ஒரு கோடு வரையணும்.

என் சொந்த அனுபவம் ஒன்று. ஒரே ஃபைலை நானும் உடன் வேலை செய்தவரும் தனித்தனியாக உட்கார்ந்து கேட் போட்டோம். ஆழத்து மாதிரிகளில் ரெண்டு பேர் எண்ணும் ஒட்டி வந்தது. மேற்பரப்பு மாதிரியில் ஒத்துப்போகவே இல்லை. யார் கோடு சரி என்று அரைமணி நேரம் வாதாடினோம். கடைசியில் கட்டுரைக்குள் போனது ஒரே வரி: 'செல்கள் ஃப்ளோ சைட்டோமெட்ரி மூலம் எண்ணப்பட்டன.' அந்த அரைமணி நேரம் எங்கேயும் இல்லை. அந்த வரியில் என் பங்கும் உண்டு என்பதால்தான் இவ்வளவு சூடாக எழுதுகிறேன்.

மைக்ராஸ்கோப்பில் எண்ணினால் மட்டும் சரியாகிவிடுமா என்று கேட்பீங்க. ஆகாது. புரோக்ளோரோகாக்கஸின் ஒளி அங்கே பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிவிடும், எண்ணுகிறவர் கண்ணும் களைத்துவிடும். மெஷினை நான் குறை சொல்லவில்லை. அது எடுக்காத முடிவை அதன் தலையில் கட்டுவதைத்தான் சொல்கிறேன்.

கேட்டைவிடப் பெரிய வம்பு லேசருக்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது. யு.சி.ஒய்.என்-ஏ கதை அதற்கு நல்ல சாட்சி. நைட்ரஜனை நிலைப்படுத்தும் ஒரு நுண்ணுயிரியின் மரபணுவை 1990களின் கடைசியில் ஜோனதன் ஸெர் குழு பசிபிக் நீரில் கண்டது. ஆய்வகத்தில் வளர்க்க முடியவில்லை. 2008ல் சைட்டோமீட்டரால் அந்தச் செல்களைப் பிரித்தெடுத்து ஜீனோமைப் படித்தபோது, ஆக்ஸிஜனை வெளியிடும் ஒளிச்சேர்க்கைப் பகுதியே அதில் இல்லை. பிறகு பார்த்தால் கார்பனைச் சேர்க்கும் நொதியும் இல்லை. சயனோபாக்டீரியா, ஆனால் தானே சமைத்துச் சாப்பிட முடியாது. எப்படிப் பிழைக்கிறது?

2012ல் பதில் வந்தது. அதுவரை நீரை அடர்த்தியாக்கி, உறையவைத்து, கரைக்குக் கொண்டுவந்து பிரித்தார்கள். இந்த முறை கப்பலிலேயே, புதிய நீரை அப்படியே பிரித்தார்கள். யு.சி.ஒய்.என்-ஏ தன் வழக்கமான சின்னஞ்சிறு செல் கேட்டில் இல்லாமல், அதைவிடப் பெரிய பாசி செல்களின் கேட்டில் கிடைத்தது. அது பாசியோடு ஒட்டி வாழ்வது. வடிகட்டலிலும் உறைபனியிலும் கூட்டாளியிடமிருந்து பிய்ந்து, தனியாளாக லேசர் முன்னால் வந்து நின்றிருக்கிறது. மெஷின் பொய் சொல்லவில்லை, பிரிந்துபோன ரெண்டு பேரை ரெண்டு பேர் என்று சரியாகத்தான் எண்ணியது. 2024ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போய், பாசி செல் பிரியும்போது கூடவே பிரிந்து அதன் புரதங்களையும் வாங்கிக்கொள்ளும் இதைத் தனி உயிரி என்று சொல்வதைவிட, செல்லின் உறுப்பு என்றே சொல்லலாம் என்றது. பெயர் நைட்ரோபிளாஸ்ட். ஒரு காலத்தில் அந்த உறுப்பை நாம் தனி உயிராக எண்ணிக்கொண்டிருந்தோம்!

இதெல்லாம் ஆய்வுக்கூடச் சண்டை மட்டும் இல்லை. இந்த எண்கள் கடலின் கார்பன் கணக்கு மாடல்களுக்குள் போகின்றன. ஹவாய்க்குப் பக்கத்திலும் பெர்முடாவுக்குப் பக்கத்திலும் 1988லிருந்து தொடர் அளவீடுகள் நடக்கின்றன. இப்படிப்பட்ட நீண்ட தொடர் எதிலும் பழைய கருவி போய்ப் புதுசு வந்தால் த்ரெஷோல்ட் இறங்கும், எண் ஏறும். சூடாகும் கடலில் ஓர் உயிரி பெருகுகிறதா என்று அந்தத் தொடரை வைத்து முடிவெடுக்கப் போகிறவருக்கு, எந்த வருஷம் எந்தக் கருவி, எந்தக் கேட், அளவு சரிபார்க்க எந்த மணிகள் என்ற குறிப்பு வேண்டாமா?

செய்ய முடியாத வேலையும் இல்லை. சீஃப்ளோ கருவியை இயக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு, கப்பல் ஓட ஓட நீரை அளந்து எடுத்த வட பசிபிக் தரவைப் பொதுவில் வைத்திருக்கிறது. யாரும் இறக்கிப் பார்க்கலாம். அதற்கு முன்னால் ஒற்றை வரியில் முடித்துக்கொள்ளும் நம் கட்டுரைகள் சோம்பேறித்தனமாகத் தெரிகின்றன.

எங்கள் ஃப்ரீசரில் குளூட்டரால்டிஹைடு போட்டு உறையவைத்த குழாய்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றுக்குள் எத்தனை ஜோடி பிரிந்து கிடக்கிறதோ. அடுத்த பயணத்தில் ஒரே வாளி நீரைப் பாதி அங்கேயே ஓட்டி, பாதி உறையவைத்துக் கரையில் ஓட்டி, ரெண்டு கிராஃபையும் கேட் போடாமல் இங்கே பதிகிறேன். நீங்களே கோடு வரைந்து பாருங்க.